தண்ணீர் மறுத்த கை யாருடையது?

(மாலை நேரப் பாடசாலைகளில் கற்பிக்கும் தன்னார்வலர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சித்திரக் கதைகள் வழியாகக் குழந்தைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சித்திரக் கதைக்குப் போவதற்கு முன், நீங்கள் எல்லோரும் கையில் எடுத்துப் படித்த ஒரு புத்தகத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசின் பாடநூல். அதன் முதல் பக்கங்களில் மூன்று வரி இருக்கும். தீண்டாமையைப் பாவம் என்றும், குற்றம் என்றும், மனிதத்தன்மையற்றது என்றும் சொல்லும் வரிகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். பரீட்சையில் வராத பக்கம் என்பதால் யாரும் அதை நமக்கு நடத்தியதில்லை, அது வேறு விஷயம். அந்த வரிகளை நான் குறை சொல்லவில்லை. அவை அங்கே அச்சாவதற்கும் ஒரு போராட்ட வரலாறு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாவம் என்று சொல்கிற அந்த வாக்கியத்தில் பாவம் செய்தவர் இல்லை.

புத்தகத்தின் உள்ளே போனால் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். தீண்டாமை பற்றி நம் பாடங்கள் பேசும் மொழி எப்படிப்பட்டது? பொதுக்கிணற்றில் நீர் எடுக்க அனுமதிக்கப்படவில்லை. கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டது. கல்வி மறுக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. அனுமதிக்காதது யார்? மறுத்தது யார்? வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல, கல்வி மறுக்கப்பட்டது. இயற்கை நிகழ்வு.

நம்மைக் குறிக்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்த்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர், ஒதுக்கப்பட்டோர். இலக்கணத்தில் எல்லாமே 'பட்ட'வர்கள்தான். தாழ்த்தியோர் என்று ஒரு சொல் ஏன் எந்தப் பாடத்திலும் இல்லை? ஒடுக்கியோர் என்று ஏன் ஒரு பட்டியல் இல்லை? பண்டிதர் அயோத்திதாசர் பெயர்களைப் பற்றி அத்தனை மெனக்கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பூர்வ பௌத்தர் என்றும் பூர்வத் தமிழர் என்றும் அவர் சொன்னபோது, பிறர் நமக்குச் செய்த கொடுமையின் பெயரால் நாம் அழைக்கப்பட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இப்போது படத்துக்கு வருகிறேன். எழுத்தில் 'தண்ணீர் மறுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். படத்தில் அது முடியாது. ஓர் ஓவியரிடம் அந்த வாக்கியத்தைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அவர் திரும்பி உங்களிடம் கேட்பார்: யார் நிற்கிறார், குடம் யார் கையில் இருக்கிறது, அந்தக் கை பின்னால் இழுக்கிறதா, தண்ணீரைக் கீழே ஊற்றுகிறதா, அவர் முகம் எப்படி இருக்கிறது, பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் எத்தனை பேர்? மறுத்த ஆளை வரையாமல் மறுப்பை வரைய முடியாது. வரலாற்றுக்கான சித்திரக் கதை ஒரு கருவி என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இது. குழந்தைகளுக்குப் படம் பிடிக்கும், எளிதில் புரியும், மெதுவாகப் படிப்பவர்களுக்கு உதவும் என்றெல்லாம் வழக்கமாகச் சொல்வார்கள். அவையும் சரிதான். அவற்றை நீங்களே அனுபவத்தில் பார்த்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்வோம். பாபாசாகேப் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பது. ஆண்டு 1901. அவருக்கு வயது ஏறத்தாழ பத்து. தந்தை கோரேகானில் வேலை பார்க்கிறார். கோடை விடுமுறைக்கு அங்கே வரச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார். சத்தாராவிலிருந்து நான்கு சிறுவர்கள் கிளம்புகிறார்கள்: பீமராவ், அவர் அண்ணன், அக்காவின் பிள்ளைகள் இருவர். முதல் ரயில் பயணம். புதுச் சட்டை, வேலைப்பாடு செய்த தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை, ஏனென்றால் வருகிறோம் என்று இவர்கள் எழுதிய கடிதம் தந்தை கைக்குப் போய்ச் சேரவில்லை. நிலைய அதிகாரி வந்து அன்பாக விசாரிக்கிறார். உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். மகர்கள் என்று இவர்கள் சொன்னதும் முகம் மாறுகிறது, ஐந்தடி பின்னால் போகிறார். மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்கிறார், ஒரு நிபந்தனையோடு. வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் கீழே இறங்கிக் கூடவே நடந்து வருவார்.

இரவெல்லாம் பயணம். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது. தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. வழியில் கிடைத்தது சேறும் மாட்டு மூத்திரமும் கலந்த குட்டை நீர். சுங்கச் சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிக் கேட்டுப் பார்க்கிறார்கள், அங்கேயும் கிடைக்கவில்லை. பசியோடு படுக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தூங்கப் பயம், அதனால் இரண்டு பேர் விழித்திருக்க இரண்டு பேர் தூங்குகிறார்கள்.

இந்தப் பயணத்தை எந்தப் பாடநூலிலும் ஒரு வரியில் முடித்துவிடலாம். சிறுவயதில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தார் என்று எழுதினால் போதும், ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதுமானது. ஆனால் இதை வரைய உட்காருபவர் முதலில் அந்தத் தொப்பியை வரைந்தாக வேண்டும், பட்டுக்கரையை வரைந்தாக வேண்டும், நிறைந்த சாப்பாட்டுக் கூடையை வரைந்தாக வேண்டும். நம் பாடநூல் படங்களில் தலித் என்றால் கிழிந்த வேட்டி, குனிந்த முதுகு, கூப்பிய கை. சாதியை வறுமையாக மொழிபெயர்த்துக் காட்டும் தந்திரம் அது. இந்தக் காட்சியில் அந்தத் தந்திரம் செல்லுபடியாகாது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நல்ல உடை உடுத்தியிருக்கிறார்கள், கையில் காசு இருக்கிறது. காலில் புழுதி படிய நடந்து வருகிறவர் ஏழை வண்டிக்காரர். ஆனாலும் தீட்டு யார்மேல் என்பது மாறவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியின் மாலைப் பாடசாலையில் இந்தப் பக்கத்தைப் படித்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, காசு டபுளா வாங்கிட்டாரே, அப்புறம் எதுக்கு இறங்கி நடக்குறாரு? கால் வலிக்காதா?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே விவாதம் தொடங்கிவிட்டது. இரவு முழுக்க நடக்கிற அளவுக்கு ஒரு மனிதனுக்கு எது பெரிதாகத் தெரிந்தது? பணம் தீட்டாகாதா? மாடு தீட்டாகாதா? சாதி என்பது சாதி பார்ப்பவனின் காலையும் வலிக்க வைக்கிறது, ஆனாலும் அவன் ஏன் விட மறுக்கிறான் என்கிற இடத்துக்கு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். 'சாதி ஒழிப்பு' நூலைப் படிக்கத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த புத்தகம் 'பீமாயணம்'. பலருக்குத் தெரிந்திருக்கும். நவயானா பதிப்பகம் 2011-இல் வெளியிட்டது, பிறகு தமிழிலும் வந்தது. கதையை எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். வழக்கமான காமிக்ஸில் பக்கத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுவார்கள் இல்லையா, இவர்கள் அதற்கு மறுத்துவிட்டார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், அவர்கள் மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. கட்டங்களுக்குப் பதிலாக, கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் வரையும் திக்னா என்ற கோலக்கோடுகள் பக்கம் முழுவதும் வளைந்து போகின்றன.

பேச்சுக் குமிழிகளிலும் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். அன்பாகப் பேசுபவர்களின், பாதிக்கப்பட்டவர்களின் சொற்கள் பறவை வடிவக் குமிழியில் வரும். சாதி பேசுகிறவர்களின் சொற்கள் வரும் குமிழிக்குத் தேள் கொடுக்கு வால் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைகூட, என்ன பேசுகிறார்கள் என்று புரிவதற்கு முன்பே யார் கொட்டுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. நீங்கள் இதை வைத்தே ஒரு மாலை நேரத்தை ஓட்டிவிடலாம். இன்று பள்ளியில், தெருவில், பேருந்தில் கேட்ட பேச்சுகளில் எதற்குப் பறவை, எதற்குத் தேள் என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லப்பட்ட தேள்களும் பட்டியலில் வரும்.

புத்தகம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் தொடங்குகிறது. இடஒதுக்கீட்டால் தனக்கு வாய்ப்பு போகிறது என்று ஒருவர் அலுத்துக்கொள்கிறார், உடன் நிற்பவர் அவருக்குப் பாபாசாகேப்பின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். இடையிடையே நம் காலத்து வன்கொடுமைச் செய்திகள் வருகின்றன. 1901 என்பது முடிந்துபோன பழைய காலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள்.

அதே புத்தகத்தில் மகத் போராட்டமும் உண்டு. 1927 மார்ச் 20, சவுதார் குளம். பாபாசாகேப் இறங்கி நீரை அள்ளிக் குடிக்கிறார். இங்கே கை மாறிவிட்டது பாருங்கள். இதுவரை மறுக்கும் கையைப் பார்த்தோம், இப்போது எடுத்துக்கொள்ளும் கை. அதன் பிறகு சாதி இந்துக்கள் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். 108 பானைகளில் பாலும் தயிரும் சாணமும் மாட்டு மூத்திரமும் கொட்டி. இந்தத் தகவலைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்க விடுங்கள் தோழர்களே. மனிதன் தொட்டால் அழுக்காகும் தண்ணீர், சாணியைக் கொட்டினால் சுத்தமாகும் என்று நம்பியவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வது? நம் வரலாற்றைச் சொல்லும்போது கண்ணீர் மட்டுமே வர வேண்டும் என்று நாமே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த விதியை எதிர்த்தரப்பும் விரும்பும்.

படம் என்றாலே நம் பக்கம் என்று எண்ணிவிடவும் கூடாது. இந்தியாவில் சித்திரக் கதை வழியாக வரலாறு கற்பிப்பதை முதலில் பெரிய அளவில் செய்தது அமர் சித்திரக் கதை. 1967-இல் அனந்த் பை தொடங்கினார். நம் குழந்தைகளுக்குக் கிரேக்கப் புராணம் தெரிகிறது, ராமனின் தாய் பெயர் தெரியவில்லை என்பது அவர் ஆதங்கம். அங்கிருந்து தொடங்கியதால் புராணமும் வரலாறும் ஒரே தாளில், ஒரே வண்ணத்தில், ஒரே பாணியில் வந்தன. கண்ணன் நடந்த வரலாறு போலவும், சிவாஜி அவதாரம் போலவும் ஆனார்கள். நல்லவர்கள் வெளுத்த நிறம், அசுரர்கள் கறுத்த, பருத்த உடம்பு. கறுப்பு நிறத்தைப் பார்த்தால் யார்பக்கம் நிற்கக் கூடாது என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கு அது ஒரு சொல்கூட இல்லாமல் கற்றுக்கொடுத்தது. அண்ணல் அம்பேத்கருக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்தது 1979-இல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. படத்தில் செய்தவனை மறைக்க முடியாது என்று சொன்னேன். ஆனால் செய்தவனை வேறொருவனாக மாற்றி வரைந்துவிட முடியும். தேள் வாலை யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இதைப் பற்றிப் பேசும்போது 2012-இல் நடந்ததை விட்டுவிட முடியாது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் ஒரு கேலிச்சித்திரம் இருந்தது. 1949-இல் சங்கர் வரைந்தது. அரசியலமைப்பு என்று எழுதிய நத்தை, அதன்மேல் அமர்ந்திருக்கிறார் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு, சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். பாடநூல் வந்தது 2006-இல். ஆறு ஆண்டுகள் கழித்து, 2012 மே மாதம், தொல். திருமாவளவன் அவர்கள் மக்களவையில் பிரச்சினையை எழுப்பினார். அமளி, அரசின் மன்னிப்பு, பாடநூலின் ஆலோசகர்கள் இருவரின் பதவி விலகல் எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. அவர்களில் ஒருவரின் புனே அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலை நியாயப்படுத்த என்னால் முடியாது.

அப்போது ஆங்கில நாளிதழ்களில் எழுதிய அறிஞர்கள் பலர் ஒரே குரலில் சொன்னது: இவர்களுக்கு நகைச்சுவை புரியவில்லை, அம்பேத்கரைக் கடவுளாக்கிவிட்டார்கள். நான் இதில் திருமா எழுப்பிய கேள்வியின் பக்கம். அந்தப் படத்தை வைத்த பாடநூல் மாணவர்களிடம் கேட்டது என்ன? அரசியலமைப்பு எழுத ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று. சாட்டை பற்றி ஒரு கேள்வி இல்லை. நாடாளுமன்றத்தில் காஷ்மீரப் பார்ப்பனர் ஒருவர் ஒரு தலித் தலைவரின் பின்னால் சாட்டை ஓங்கி நிற்பதாக ஒரு கேலிச்சித்திரக்காரர் ஏன் கற்பனை செய்தார், அந்தக் கூட்டத்தின் சிரிப்பு யாருடைய சிரிப்பு என்று கேட்கவில்லை. பெற்றோர் வேலை பார்க்கும் இடத்தில் உண்மையிலேயே கை ஓங்கப்படுவதைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவி வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, நாற்பது பேர் சிரிப்பார்கள். அவள் என்ன செய்வாள்?

ஆனால் அதன் பின்னர் நடந்தது நமக்குச் சாதகமானதல்ல. தோரட் குழு அமைத்தார்கள், பல கேலிச்சித்திரங்களை நீக்கப் பரிந்துரை வந்தது. அதில் பெரும்பான்மை அரசியல்வாதிகளைக் காப்பாற்றும் பரிந்துரை. அந்தக் குழுவில் இருந்துகொண்டே அதற்கு மறுப்புக் குறிப்பு எழுதியவர் நம் எம்.எஸ்.எஸ்.பாண்டியன். பார்ப்பனியத்தை அவரளவுக்கு ஆய்ந்தவர்கள் குறைவு. அவர் நீக்கலுக்கு எதிராக நின்றார் என்பதை நாம் மறக்கக் கூடாது. சாட்டையைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தால் அந்தப் படம் ஒரு பெரிய பாடமாக இருந்திருக்கும். கேள்வியைச் சேர்ப்பதை விடப் படத்தைக் கிழிப்பது அரசுக்கு எளிதாக இருந்தது.

வெளிநாட்டிலும் இதேதான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக இருந்த கெய்ஜி நகசாவா தன் அனுபவத்தை அடிப்படையாக வைத்து 1973-இல் தொடங்கி வரைந்த காமிக்ஸ் 'வெறுங்கால் கென்'. அதே ஹிரோஷிமா நகரம் 2023-இல் தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து அதை எடுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, பசித்த சிறுவன் கர்ப்பிணித் தாய்க்காக ஒருவரின் குளத்தில் மீன் திருடும் காட்சி குழந்தைகளுக்குத் தவறாகப் புரியும் என்பது. ஒரு நகரத்தையே எரித்த குண்டைக் குழந்தைகளுக்கு விளக்கிவிட முடிகிறது. ஏழைப் பையன் திருடும் மீனை விளக்க முடியவில்லையாம்.

சரி, வகுப்பறைக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

காலனிப் பாடசாலையில் சிரிப்பும் விவாதமுமாகப் போன அதே வண்டிப் பயணப் பக்கத்தை, பல சாதிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் படித்தோம். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பு. மகர் என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், ஒரு சொல்கூட இல்லை. அந்த வரிசையில் இருந்த மூன்று பிள்ளைகள் தலையைக் குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் அவர்கள் வாய் திறக்கவில்லை.

படம் வலிமையானது என்று சொல்கிறோமே, அதன் மறுபக்கம் இது. படத்தில் உள்ள சிறுவன்மேல் விழும் பார்வை அப்படியே நகர்ந்து வகுப்பில் உள்ள குழந்தைமேல் விழும். பாடநூலின் வறண்ட வாக்கியத்துக்கு அந்த ஆபத்துகூட இல்லை, அதை யாரும் கவனிப்பதே இல்லையே. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. பள்ளி மாணவர்கள் உடன் படிக்கும் தலித் மாணவரை வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. யார் என்ன சாதி என்று மணிக்கட்டைப் பார்த்தே படித்துக்கொள்ளும் வகுப்பறைகள் இவை. அங்கே போய்ப் 'பாருங்கள், இவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை' என்று ஒரு பக்கத்தை விரித்தால், கயிறு செய்கிற வேலையைப் புத்தகம் செய்துவிடும்.

ஆகவே கலப்பு வகுப்பில் நீங்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். பீமராவிலிருந்து தொடங்காதீர்கள். வண்டிக்காரரிலிருந்து, நிலைய அதிகாரியிலிருந்து தொடங்குங்கள். ஐந்தடி பின்னால் போனாரே, அவர் முகத்தை வரையச் சொல்லுங்கள். ஏன் போனார், யார் அவருக்குக் கற்றுக்கொடுத்தது, வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். கேள்வி அந்தப் பக்கம் திரும்பும்போது வகுப்பில் பார்வையும் திரும்புகிறது. குனிந்திருக்கும் பிள்ளைகள் நிமிர்வதற்கு இடம் கிடைக்கிறது, விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களிடமிருந்து இறங்குகிறது. இரண்டாவது முறை வேறொரு வகுப்பில் இப்படித்தான் செய்தோம். ஊர்த்தெருப் பையன் ஒருவன் வண்டிக்காரருக்குத் தன் தாத்தாவின் மீசையை வரைந்து வைத்திருந்தான். அதை யாரும் அவனிடம் கேட்டு வரைய வைக்கவில்லை. நானும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, ஓவியத்தை மற்றவர்களுடையதோடு சேர்த்துச் சுவரில் ஒட்டினேன்.

பெற்றோர் வந்து கேட்பார்களா என்றால் கேட்பார்கள். 'பழசையெல்லாம் எதுக்கு மேடம் கிளறுறீங்க' என்பார்கள். எங்கே கேட்கவில்லையோ அங்கே நீங்கள் எதையும் நடத்தவில்லை என்று அர்த்தம்.

செலவு பற்றி ஒரு தோழர் காலையில் கேட்டார். பீமாயணம் போன்ற புத்தகங்கள் விலை கூடியவை, முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பிரதி என்றால் எப்படி என்று. அவருக்கு ஒரு பழைய புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1957 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சிறு காமிக்ஸ் வந்தது. மாண்ட்கமரி நகரத்தில் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்துகளைப் புறக்கணித்த போராட்டத்தின் கதை. வெறும் 16 பக்கம், விலை 10 சென்ட். கதையோடு நிற்காமல், இப்படி ஒரு போராட்டத்தை எப்படி நடத்துவது என்ற வழிமுறையையும் கடைசிப் பக்கங்களில் கொடுத்தார்கள். அது தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் கைக்குக் கை போனது. அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் போலீஸ் தடியால் மண்டை உடைந்தவர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகி, தன் வாழ்க்கையையே 'மார்ச்' என்ற மூன்று பாக வரைகலை நாவலாகக் கொண்டுவந்தார். மூன்றாம் பாகத்துக்கு 2016-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் 'குலாம்கிரி' எழுதியபோது, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கினார். அந்த நூலையும் 2011-இல் ஸ்ரீவித்யா நடராஜனும் அபராஜிதா நினானும் ஆங்கிலத்தில் வரைகலை நாவலாக்கியிருக்கிறார்கள். சாவித்திரிபாய் பள்ளிக்கு நடந்து போகும்போது சாணத்தையும் மண்ணையும் எறிந்தார்களே, அந்தக் கைகளையும் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

பளபளப்புத் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதற்குத்தான் 10 சென்ட் புத்தகத்தைச் சொன்னேன். நம்மிடம் இல்லாதது தாள் அல்ல. முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியது, இரும்புக்கை மாயாவியைப் படிக்காத தலைமுறை இல்லை, அத்தனை பழைய காமிக்ஸ் வாசிப்பு உள்ள மொழி இது. ஆனால் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசரை, வட்டமேசை மாநாட்டில் நின்ற இரட்டைமலை சீனிவாசனை, மேடைகளை அதிரவைத்த அன்னை மீனாம்பாளை ஒரு பத்து வயதுக் குழந்தை கையில் எடுத்துப் பார்க்கும்படி நாம் எத்தனை பக்கம் வரைந்திருக்கிறோம்?

கீழ்வெண்மணியை வரைய முடியுமா என்று சென்ற மாதம் ஒரு தோழர் என்னிடம் கேட்டார். குழந்தைகளுக்கு அந்தக் கொடூரத்தைக் காட்டலாமா என்பது அவர் தயக்கம். நானும் அதை நிறைய யோசித்திருக்கிறேன். எரிந்த உடல்களை வரைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. படியை வரையுங்கள். கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல் எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகள் உண்மையான படியில் அளந்து பார்க்கட்டும். உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் புகுந்த குடிசையின் அளவைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, அதற்குள் எத்தனை பேர் நிற்க முடிகிறது என்று பார்க்கட்டும். 1968 டிசம்பர் 25 இரவு அதற்குள் 44 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

பிறகு வெளியே நின்றவர்களையும் வரைய வேண்டும். அங்கேதான் சிக்கல். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். பாடநூலின் செயப்பாட்டு வினை இங்கே தீர்ப்பாகவே எழுதப்பட்டுவிட்டது. 44 பேர் எரிக்கப்பட்டனர், எரித்தவர் எவருமில்லை. இந்தப் பக்கத்தை எப்படி வரைவது? முகம் இல்லாத கைகளாகவா? காலியான வெள்ளைக் கட்டமாகவா? தீப்பந்தம் மட்டும் அந்தரத்தில் மிதக்கிறதாகவா? நான் ஒரு பதிலோடு வரவில்லை. பிள்ளைகளிடம் தீர்ப்பைப் படித்துக் காட்டிவிட்டு அவர்கள் எப்படி வரைகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றிருக்கிறேன்.

தேநீருக்குப் பிறகு நாம் நான்கு குழுவாகப் பிரிகிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சார்ட் அட்டை, சத்தாரா பயணத்தின் ஒரு பகுதி. வரையத் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம், குச்சி மனிதர்கள் போதும். ரயில் நிலையம் முதல் குழு, வண்டி இரண்டாவது, சுங்கச் சாவடி மூன்றாவது, இரவில் இரண்டு பேர் விழித்திருப்பது நான்காவது. ஒவ்வொரு படத்தையும் யாருடைய கண்ணிலிருந்து பார்க்கிறோம் என்பதை உங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பென்சிலை எடுங்கள்.